மூன்றாம் நாள் சந்தை

தம்சி
10 பிப்ரவரி 1993

தம்பி அர்சூமாவுக்கு,

உன் வீடு அமைதியாக இருக்கிறதா? உன் மனைவி, பிள்ளைகள், வேலைக் களைப்பு எல்லாம் எப்படி? இந்தத் தூசிக் காற்றில் உன் இருமல் குறைந்ததா? இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம். நானும் நலம்.

யார் கையெழுத்து இது என்று உறையைப் புரட்டிப் பார்த்திருப்பாய். உன் அக்காவுடையதுதான். இரண்டு வறட்சிக் காலமாக எங்கள் ஊர் வாத்தியார் தோயேயிடம் எழுதப் படிக்கக் கற்றேன். அவர் சாமோ இனத்துக்காரர். மோசி இனமான நமக்கும் அவர்களுக்கும் உள்ள கேலி உறவுதான் உனக்குத் தெரியுமே, என்ன பேசினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. முதல் நாளே ஆரம்பித்துவிட்டார். "மோசிக்காரி எழுதக் கத்துக்கிட்டா நாளைக்குக் கழுதையும் பலகையைத் தூக்கிட்டு வருமே" என்றார். "நாய்த்தலை தின்னிக்கே எழுத்து வந்திருக்கு வாத்தியாரே, எனக்கு வராதா?" என்றேன். வந்துவிட்டது. பிறர் கையால் எழுத வைக்க முடியாத விஷயங்கள் சில என்னிடம் இருக்கின்றன. அதற்காகத்தான் முப்பது வயதில் பலகை முன்னால் உட்கார்ந்தேன்.

உங்கள் பங்தெங்காவிலிருந்து வரும் புதுச் சாலை தம்சி வழியாகப் போகிறது. எங்கள் பெரியவர்கள் இங்கே ஒரு சந்தை கேட்டிருக்கிறார்கள். வட்டத்தைப் பற்றி நீ ஒரு புத்தகம் எழுதுவதாகவும் லாரிக்காரர் சொன்னார். அதில் நாம் பிறந்த கொம்ப்ரி வருமா?

நல்ல மழை பார்ப்போம்.

உன் அக்கா தலாதோ


பங்தெங்கா
2 மார்ச் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலமும் மச்சான் நலமும் அறிய ஆவல். இருமல் இருக்கிறது, அதோடு பழகிவிட்டேன். உங்கள் கையெழுத்தை வட்ட அலுவலகத்தில் எல்லோரிடமும் காட்டினேன்.

புத்தகம் உண்மைதான். பெயர் "பங்தெங்கா வட்டம்: நிலமும் வாழ்வும்". முப்பத்தெட்டு ஊர்கள், கிணறுகள், மண் வகை, சோளம், கம்பு, பருத்தி, எத்தனை மாடு, எத்தனை கழுதை என்று எல்லாம் நான்தான் திரட்டுகிறேன். சந்தைகளுக்குத் தனி அத்தியாயம். இன்று கொம்ப்ரி, நாளை யார்கோ, மறுநாள் பங்தெங்கா, பிறகு மறுபடி கொம்ப்ரி என்று வட்டத்தின் மூச்சே அந்த மூன்று நாள் சுற்றில்தான் ஓடுகிறது. புது வட்ட அதிகாரி தெற்கிலிருந்து வந்தவர். சந்தை எந்தக் கிழமை என்று கேட்டார். "கிழமை இல்லைங்க ஐயா, மூணு நாளைக்கு ஒருதரம்" என்றேன். "அதெல்லாம் நீயே பாத்துக்கோ" என்றுவிட்டார்.

கொம்ப்ரி வராமல் எப்படி? வட்டத்தின் பெரிய சந்தை அதுதானே. தம்சி பக்கத்து விவரங்களை நீங்கள் எழுதி அனுப்பினால் உதவியாக இருக்கும். பழைய விஷயங்களை மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

தம்பி அர்சூமா


தம்சி
19 மார்ச் 1993

தம்பிக்கு,

வெயில் மண்டையைப் பிளக்கிறது. உன் வீட்டுத் தண்ணீர்ப் பானை குளிர்ச்சியாக இருக்கிறதா? பிள்ளைகளுக்குச் சூட்டுக் கொப்புளம் வரவில்லையே?

நீ கேட்டவை: தம்சியில் எழுபத்திரண்டு வீடு. நான்கு கிணறு, அதில் இரண்டில் இப்போது தவளைதான் இருக்கிறது. கிழக்கே சிவப்பு மண், அதில் கம்பு கூட முறைத்துக்கொண்டுதான் வளரும். ஓடையோரத்தில் வெங்காயம். பெண்கள் ஷியா மரத்துக் கொட்டை பொறுக்கி வெண்ணெய் எடுக்கிறோம். ஆறு பேர் சோளக் கள் காய்ச்சுகிறோம், என்னுடையதுதான் முதலில் தீரும். இதையும் புத்தகத்தில் போடு.

இனி நீ கேட்காதது. பழைய விஷயத்தை மனதில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். நான் எங்கே போடுவது? எனக்கு அப்போது பதினான்கு வயது, உனக்குப் பதினொன்று. சந்தைத் தலைவன் நோபிலா தன் கடையின் மூன்று கட்டை டார்ச் லைட் திருடு போனதென்று அம்மாவை இழுத்து வந்து, அதே டார்ச்சைக் கயிற்றில் கோத்து அவள் கழுத்தில் மாட்டி, முரசுக்காரனை முன்னால் விட்டு, கொம்ப்ரி சந்தையை மூன்று சுற்று நடக்க வைத்தான். மாட்டுத் தரகர்கள் வரை எழுந்து நின்று பார்த்தார்கள். அதன்பிறகு ஒருவரும் அம்மாவின் கள்ளை வாங்கவில்லை. இரண்டாம் மழையில் போய்ச் சேர்ந்தாள். சவத்தைக் கழுவ ஒரு கொம்ப்ரிக்காரியும் வரவில்லை. நான் ஒருத்திதான் கழுவினேன்.

நோபிலா இன்னும் அதே சந்தையில், அதே மரத்தடி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். எனக்கு அந்தச் சந்தை சாக வேண்டும். எங்கள் பெரியவர்கள் முறைப்படி, ஆற்றுக்கு அப்பால் இருக்கும் யார்கோவின் நாளைத்தான் தம்சிக்குக் கேட்டிருக்கிறார்கள். நீ அதைக் கொம்ப்ரியின் நாளாக ஆக்கு. ஒரு மணி நேர நடைத் தூரத்தில், சாலையும் லாரியும் உள்ள ஊரில் அதே நாளில் சந்தை கூடினால் கொம்ப்ரிக்கு யார் போவார்கள்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பங்தெங்கா
30 மே 1993

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம். மன்னிக்கவும். கால்நடைக் கணக்கெடுப்பில் ஊர் ஊராகச் சுற்றினேன். எல்லோரும் நலம். மச்சானின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

விவரங்களுக்கு நன்றி. தவளைக் கிணறுகளை "கோடையில் வற்றுபவை" என்று எழுதியிருக்கிறேன்.

நீங்கள் கேட்ட மற்றது சின்ன விஷயமில்லை. பக்கத்து ஊர்ச் சந்தை நாளில் இன்னொருவன் சந்தை போடுவது நம் முன்னோர் காலத்தில் வில்லெடுத்த சண்டை. அம்மா யாரையும் சபித்தவளில்லை. அவள் போய்விட்டாள். கடவுள் பார்த்துக்கொள்வார்.

முதல் மழை பெய்ததும் விதைத்துவிடுங்கள். இந்த வருடம் சீக்கிரம் நிற்கும் என்கிறார்கள்.

தம்பி


தம்சி
20 ஜூன் 1993

தம்பிக்கு,

மழை வந்துவிட்டது. விதைத்துவிட்டோம். உன் வீட்டுக் கூரை ஒழுகவில்லையே?

கடவுள் பார்த்துக்கொள்வார் என்று எழுதியிருந்தாய். கடவுள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், நோபிலாவைக் கொழுகொழுவென்று.

பதினேழு வருடம் கழித்துப் போன வாரம் கொம்ப்ரி சந்தைக்குப் போனேன். இரண்டு பானை கள்ளை இறக்கி வைத்து, அம்மா உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தேன். நோபிலா வந்தான். சுரைக்குடுக்கையில் வாங்கி ஒரு மடக்குக் குடித்தான்.

"நல்ல கள்ளு. யாரு மக நீ?"

சொன்னேன். குடுக்கையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்காரனைப் பார்த்துச் சிரித்தான்.

"ஏப்பா, உன் கடையில டார்ச்சு கீர்ச்சு இருந்தா எடுத்து உள்ள வை. இவங்க குடும்பத்துக்கு வெளிச்சம்னா ரொம்ப ஆசை."

சந்தையே சிரித்தது. இதையே தோயே வாத்தியார் சொல்லியிருந்தால் நானும் திருப்பி நாலு கொடுத்துச் சிரித்திருப்பேன், அவருக்கு அந்த உரிமை இருக்கிறது. நோபிலா சாமோக்காரனா? நம்மைப் போல மோசிதானே. அவன் சொன்னதைக் கேலி என்று எடுத்துக்கொள்ள எனக்கு வழியே இல்லை. இரண்டு பானையையும் அவன் காலடியில் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

நீ என்ன செய்யப் போகிறாய்? நாற்காலியில் உட்கார்ந்து கழுதைகளை எண்ணப் போகிறாயா? இல்லை, அம்மாவுக்கு மகனாக இருக்கப் போகிறாயா?

அக்கா


பங்தெங்கா
14 செப்டம்பர் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

சாலை மூழ்கியிருந்ததால் கடிதம் அனுப்ப வழியில்லை. எல்லோரும் நலம். சோளம் பால் பிடித்திருக்குமே? குருவி விரட்ட ஆள் இருக்கிறதா?

உங்கள் கடிதத்தை மூன்று மாதம் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். தூங்க முடியவில்லை. செய்துவிட்டேன்.

எவ்வளவு சுலபம் தெரியுமா? ஒரே ஒரு தேதிதான். உங்கள் பெரியவர்களின் மனுவில் யார்கோ நாள் என்று இருந்தது. நான் ஆணையில் "தம்சி சந்தை திறப்பு: 12 நவம்பர்" என்று எழுதினேன். அது கொம்ப்ரி நாள். முதல் நாள் மோதினால் போதும், பிறகு மூன்று நாளைக்கு ஒருமுறை காலாகாலத்துக்கும் மோதிக்கொண்டே இருக்கும். அதிகாரி நாட்காட்டியைப் பார்த்து, "வெள்ளிக்கிழமையா, நல்ல நாள்" என்று கையெழுத்துப் போட்டார். நகரத்து லாரிகளுக்கும் அந்தத் தேதியே போய்விட்டது. இனி உங்கள் பெரியவர்கள் முணுமுணுத்தாலும் மாற்ற முடியாது.

நோபிலா நாசமாகப் போகட்டும். படித்ததும் இந்தக் கடிதத்தை எரித்துவிடுங்கள்.

தம்பி அர்சூமா


தம்சி
9 ஜனவரி 1994

தம்பிக்கு,

குளிரும் தூசியும் ஒன்றாக வந்திருக்கின்றன. உன் இருமலுக்கு வெண்ணெயைச் சூடாக்கி நெஞ்சில் தடவு. இங்கே நலம். அறுவடை பரவாயில்லை.

தம்சி சந்தையைச் சொல்கிறேன். முதல் நாளே ஒன்பது லாரி. நகரத்து வியாபாரிகள் ஷியா கொட்டையை மூட்டை மூட்டையாக அள்ளினார்கள். நாலாவது சந்தைக்கு மாட்டுத் தரகர்கள் கொம்ப்ரியை விட்டு இங்கே வந்தார்கள். பிறகு துணிக்காரர்கள். பிறகு இறைச்சி வாட்டுகிறவன், அவன் பின்னால் ஊர் நாய்கள். தோயே வாத்தியார் அந்த நாய்களைப் பார்த்து, "எங்க ஊரா இருந்தா இதுங்களுக்கு இவ்வளவு தைரியம் வருமா?" என்றார்.

நேற்றுக் கொம்ப்ரிக்கு நடந்து போய் என் கண்ணாலேயே பார்த்தேன். பந்தல்களுக்குக் கீழே ஆடுகள் படுத்திருக்கின்றன. உப்பு விற்கும் கிழவி ஒருத்தி மட்டும், நடக்க முடியாததால் அங்கேயே இருக்கிறாள். நோபிலா மரத்தடியில் உட்கார்ந்து தன் நாற்காலிக்குத் தானே வார் கட்டிக்கொண்டிருந்தான். எனக்கு வயிறு குளிர்ந்தது. திரும்பும் வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தேன்.

அக்கா


பங்தெங்கா
20 ஜனவரி 1994

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே இதை எழுதுகிறேன். எல்லோரும் நலம்.

இன்னும் எழுதுங்கள். மெலிந்துவிட்டானா? அவன் மகன்கள் ஊரை விட்டுப் போய்விட்டார்களா? யாரும் அவனுக்கு இப்போது வணக்கம் சொல்வதில்லையாமே, உண்மையா?

புத்தகம் அச்சுக்குப் போகிறது. நாற்பத்தோராம் பக்கத்தில் "கொம்ப்ரி: முன்பு சந்தை இருந்த ஊர்" என்று போட்டிருக்கிறேன். அதை எழுதிய அன்று நன்றாகத் தூங்கினேன். பதினெட்டு வருடமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. அம்மாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று. இனி இதைப் பற்றி நாம் பேச வேண்டாம்.

தம்பி


தம்சி
27 மார்ச் 1994

தம்பிக்கு,

உன் வீட்டில் அமைதிதானே? பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா?

நோபிலா வந்தார். தம்சி சந்தையில், என் கள் பானைகளுக்கு முன்னால், வெறும் தரையில் உட்கார்ந்தார். ஒரு குடுக்கை ஊற்றிக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"எம்மேல உனக்கு இருக்கிற கோவம் தெரியும் தாயி. என்ன செஞ்சா தீரும்?"

"எங்கம்மா திருடலைன்னு கொம்ப்ரி சந்தையில முரசடிச்சுச் சொல்லணும். மூணு சுத்து. நீங்களே நடக்கணும்."

"சொல்றேன். எனக்கு அன்னைக்கே தெரியும். டார்ச்சை உன் தம்பி கையிலதான் பார்த்தேன். உங்கம்மா ஓடி வந்து என் காலைப் புடிச்சுக்கிட்டா. 'அவன் பள்ளிக்கூடம் போகணும், எம்மேல போட்டுடுங்க'ன்னா. சுத்தி நின்ன கடைக்காரங்களுக்கு யாரையாச்சும் காட்டியாகணும். போட்டுட்டேன். ஒரு சுத்தோட விட்டிருக்கலாம். அந்தத் திமிர்ல மூணு சுத்து விட்டேன். அது என் பாவம்."

"அப்போ நாளைக்கே சொல்லுங்க."

"யாருகிட்ட சொல்லட்டும்? அங்க ஆடுதான் தாயி இருக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவின் மானம் போனது அந்தச் சந்தையில். அங்கே கூடிய ஊர்களின் முன்னால் போனது. அது திரும்பி வர வேண்டிய இடத்தை என் கையாலேயே கொன்றுவிட்டேன். தம்சியில் நின்று கத்தினால் அது வெறும் பேச்சு. கழுத்தில் மாட்டிய இடத்தில்தான் கழற்ற முடியும்.

அர்சூமா, நோபிலா சொன்னது எனக்குப் புதிதில்லை. அம்மாவை இழுத்துப் போவதற்கு முந்தின நாள், கம்புக் குதிருக்குப் பின்னால் நீ அந்த டார்ச்சைப் போட்டுப் போட்டு அணைத்ததை நான் பார்த்தேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். அவள் சாகும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை. நீயாகவே ஒரு நாள் சொல்வாய் என்று பதினெட்டு வருடம் காத்திருந்தேன். இந்த வட்டத்தின் கிணறு, கழுதை, மண், மழை எல்லாவற்றையும் எனக்கு எழுதினாய். டார்ச் என்ற சொல் உன் கடிதம் ஒன்றில்கூட இல்லை.

ஆணையைத் திருத்து. யார்கோ நாளுக்கு மாற்று. கொம்ப்ரி கூடும் முதல் நாளில் நீ வந்து நோபிலாவோடு நட.

அக்கா


பங்தெங்கா
5 மே 1994

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். வெயில் கடுமை. எனக்கு உடம்பு சரியில்லை, மருத்துவர் பயணம் கூடாது என்கிறார்.

புத்தகம் வந்துவிட்டது. மாகாணத்தில் பாராட்டினார்கள். ஒரு பிரதி அனுப்புகிறேன்.

சின்ன வயதில் நடந்தது எதுவும் எனக்குச் சரியாக நினைவில்லை. ஆணைகளை அடிக்கடி மாற்ற முடியாது. மச்சானுக்கு என் வணக்கம்.

தம்பி


தம்சி
29 மே 1994

தம்பி அர்சூமாவுக்கு,

உன் உடம்பு தேறிவிட்டதா? மனைவி, பிள்ளைகள், வேலைக் களைப்பு எல்லாம் எப்படி? இங்கே நலம். இரண்டு மழை பெய்துவிட்டது. புத்தகம் வந்தது. தவளைக் கிணறுகளைத் தேடிப் பார்த்தேன், இருக்கின்றன.

இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்தவர் நோபிலா. முதலில் அவரை உட்கார வை. தண்ணீர் கொடு. வந்த விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுக்காத வீட்டில் நாம் வளரவில்லை.

கொடுத்துவிட்டாயா? இனி படி.

அவருடைய இன்னொரு பையில் உன் செப்டம்பர் கடிதம் இருக்கிறது. எரிக்கச் சொன்னாய், எரிக்கவில்லை. நோபிலாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தோயே வாத்தியார் அதை அவருக்கு ஐந்து முறை வாசித்துக் காட்டியிருக்கிறார். "வெள்ளிக்கிழமையா, நல்ல நாள்" என்ற இடத்தை உன் அதிகாரியின் குரலிலேயே சொல்லிக் காட்டுகிறார். உன் அறைக்கும் அதிகாரியின் அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான் என்று நீயே பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். மாலை லாரி கிளம்பும்வரை நோபிலா வெளி பெஞ்சில் காத்திருப்பார். திருத்திய ஆணையோடு நீ அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தால், அந்தக் கடிதம் திரும்பி என்னிடம் வரும். ஏறாவிட்டால் அவர் பக்கத்து அறைக்குப் போவார். உன் நாற்காலி போகும், ஆணை எப்படியும் மாறும்.

எனக்கும் நஷ்டம்தான். தம்சி சந்தை யார்கோ நாளுக்கு மாறினால் கூட்டம் பிரிந்து என் கள்ளில் பாதி தேங்கிவிடும். தேங்கட்டும்.

ஜூன் நான்காம் தேதி கொம்ப்ரி நாள். மாட்டுத் தரகர்களுக்கும் துணிக்காரர்களுக்கும் ஆள் அனுப்பிவிட்டேன். என்ன நடக்கப் போகிறதென்று தெரிந்தால் யார்கோவிலிருந்தும் வருவார்கள். முரசுக்காரன் பழைய முரசுக்காரனின் மகன். நோபிலா முன்னால் நடந்து அம்மா பெயரைச் சொல்வார். நீ பின்னால் நடப்பாய். உன் பெயரைத் தோயே சொல்வார். சாமோக்காரர் சொன்னால் நீ கோபித்துக்கொள்ளவும் முடியாது.

மூன்று கட்டை டார்ச் லைட் ஒன்று புதிதாக வாங்கி வைத்திருக்கிறேன். கட்டைகளும் போட்டாயிற்று, நன்றாக எரிகிறது. அம்மாவுக்குக் கட்டிய கயிறு குட்டை, கழுத்தை அறுத்தது. சவத்தைக் கழுவும்போதும் அந்தத் தழும்பு இருந்தது. உனக்கு நீளமாகவே கோத்திருக்கிறேன்.

வழியில் வெயிலாக இருக்கும். தலைக்குத் துணி கட்டிக்கொண்டு வா.

உன் அக்கா தலாதோ